தர்சினிக்கு எந்தப் பிரேம்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வருகிற திங்கட்கிழமை முதல் சீனன்குடாவில் ஓர் ஆலையில் இயந்திரம் பார்க்கும் வேலைக்குப் போகிறேன். ஒன்பது வருடம் இந்தச் சைக்கிள் கடையில் நின்றிருக்கிறேன். இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற ஆள் மாதிரிப் புத்தி சொல்ல வெளிக்கிட்டால் ஜவ்பர் நானா சிரிப்பார். கடை அவருடையது, சிரிக்கட்டும். செயின் வெட்டுவது, சில்லுக் கம்பி இறுக்குவது எல்லாவற்றையும் அவர் உங்களுக்குக் காட்டுவார். என்னைவிட நன்றாகவே காட்டுவார். அவரால் காட்ட முடியாத ஒன்றைப் பற்றித்தான் இது. அது ஒரு பிழை, செய்தவன் நான். அதனால் நான்தான் எழுத வேண்டும்.

தர்சினியை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறாள். தற்காலிக வேலை. வெள்ளைக்காரர் வராத மாதங்களில் வேலையும் இல்லை. நம்முடைய கடைக்குச் சைக்கிள் திருத்தக் கொண்டுவருகிற ஓட்டக் கழகத்துப் பிள்ளைகளில் தனியாக ஓடி இவ்வளவு வேகம் காட்டியவள் அவள் ஒருத்திதான்.

போன வருடம் கொழும்பு நிறுவனம் ஒன்று தன்னுடைய சைக்கிள் அணிக்குப் பெண் பிள்ளைகளைத் தெரிவு செய்ய இங்கே வருவதாக அறிவித்தது. இரண்டு இடங்கள் மட்டும். சனிக்கிழமை ஒவ்வொருவராக மணிக்கூட்டுக்கு எதிராக ஓடுகிற தனி ஓட்டம், அதில் முதலாவதாக வருபவருக்கு ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாகப் புறப்படுகிற கூட்ட ஓட்டம், அதில் முதலாவதாக வருபவருக்கு மற்ற இடம். அணியில் சேர்ந்தால் அந்த நிறுவனத்திலேயே நிரந்தர வேலை. தர்சினிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வயதெல்லைக்கு அவளிடம் அந்த வருடமும் அடுத்த வருடமும் மட்டுமே இருந்தன.

அந்த நேரத்தில் கனடாவிலிருந்து ஒரு தகவல் வந்தது. முன்பு இதே கழகத்தில் ஓடிய ஒருவர் தர்சினிக்கு நல்ல பிரேம் ஒன்று தர விரும்பினார். அவருடைய தங்கையின் குடும்பம் ஊருக்கு வருகிறது, பெட்டிகளோடு ஒரு பிரேமைக் கொண்டுவரலாம், ஒன்றுதான் ஏலும். ரோட் பிரேமா, டைம் ட்ரயல் பிரேமா என்று வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லுங்கள் என்றார்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைம் ட்ரயல் பிரேம் தனியாக ஓடுவதற்கென்றே செய்தது. முழங்கைகளை முன்னுக்கு ஊன்றி, தலையைப் பதித்து, காற்றுக்குள் ஊசி போலப் போகலாம். ஆனால் அப்படிக் குனிந்திருக்கும்போது பிரேக் கைக்குப் பக்கத்தில் இராது. ஆகவே கூட்ட ஓட்டத்தில் அதற்கு அனுமதி இல்லை. ரோட் பிரேமில் இரண்டும் ஓடலாம். தனி ஓட்டத்தில் சில செக்கன்கள் பிந்தும், அவ்வளவுதான்.

புதன்கிழமை பின்னேரம் கடையில் கதை தொடங்கியது. கழகத்தின் பயிற்றுநர் வந்திருந்தார். அவரை எல்லாரும் சேர் என்றே கூப்பிடுவோம்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு? ரோட் பிரேம். ரெண்டு நாளும் ஓடலாம், ரெண்டு சான்ஸ்," என்றார் சேர்.

"எனக்கு டைம் ட்ரயல் பிரேம்தான் வேணும் சேர்," என்றாள் தர்சினி.

"ஏன் பிள்ளை?"

"தனிய ஓடினாத்தான் நான் நல்லா ஓடுவன்."

ஜவ்பர் நானா ரியூப் ஒன்றைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு இருந்தார். "ரெண்டையும் எடுத்து வரச் சொல்லுங்கோ. நடுவால வெட்டி ஒட்டித் தாறன். முன்பக்கம் அவவுக்கு, பின்பக்கம் சேருக்கு."

"நானா, நீங்க ஒட்டின ரியூப்பே நிலாவெளி போய்ச் சேரேல்ல," என்றாள் தர்சினி.

"அது ரியூப்பிட பிழையில்ல மகள், நிலாவெளிட பிழை. தூரத்தில கொண்டுபோய் வச்சிருக்கிறாங்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சேர் என்னைப் பார்த்தார். "நீ அளந்து கிளந்து பார்த்துச் சொல்லு. நீ சொல்லுறதைத்தான் கனடாவுக்குச் சொல்லுவன்."

அவர் ஏன் என்னிடம் விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். என் அப்பா இலங்கைத்துறையில் கடலுக்குப் போகிறவர். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். பிரேம் அளவுப் பட்டியல்களை இணையத்தில் எடுத்து, அச்சடித்து, கோடு போட்டுப் படிப்பேன். வாடிக்கையாளரின் உடம்பை அளந்து, கணக்குப் பார்த்து, எழுதிக் கொடுப்பேன். எழுதிக் கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கடையில் எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால், ஒருவரும் திருப்பிக் கேட்காத இடத்தில் நிற்பது ஆபத்து.

அன்று அவளை அளந்தேன். இரண்டு பிரேமும் அவளுக்குப் பொருந்தும் என்று பட்டியல் சொன்னது. ஆகவே முடிவு வேறெங்கோ இருக்க வேண்டும் என்று அவளுடைய பழைய ரோட் சைக்கிளைத் திருத்துகிற தாங்கியில் ஏற்றிப் பார்த்தேன்.

பின்பக்கப் பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது. இரும்பு தெரிகிற அளவுக்கு. இரண்டு மாதத்துக்கு முன் நானே மாற்றிப் போட்ட கட்டை. அதற்கு முந்தியதும் அப்படித்தான் தேய்ந்து வந்தது. பிரேக் வயரும் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி இறுகியே இருக்கும். நான் தளர்த்திச் சரியாக்கி விடுவேன்.

நம்முடைய வீதியை யோசித்துப் பாருங்கள். உப்புவெளியிலிருந்து கும்புறுப்பிட்டி வரை ஒரே சமதரை. ஏற்றமில்லை, இறக்கமில்லை. கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்கலாம், நிலாவெளியில் மாடு வந்தால் பிடிக்கலாம். அதற்கு மேல் இந்த ஊரில் பிரேக்குக்கு வேலை இல்லை. பொடியன்களின் சைக்கிளில் ஒரு சோடிக் கட்டை ஒரு வருடம் ஓடும். இரண்டு மாதத்தில் தின்றுதீர்க்கிற ஆள் எப்போதும் விரலைப் பிரேக்கிலேயே வைத்திருக்கிற ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு இன்னொன்றும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் பொடியன்களும் பெண் பிள்ளைகளும் கூட்டமாக ஓடும் பயிற்சிக்கு அவள் வருவதில்லை. வேலை நேரம் என்பாள். நான் அதைச் சும்மா சொல்லுகிற சாட்டு என்று நினைத்திருந்தேன்.

இரண்டையும் சேர்த்தேன். அவளுக்குப் பயம். சில்லோடு சில்லு முட்டுமளவுக்கு நெருங்கி ஓட அவளால் ஏலாது. அதுதான் தனி ஓட்டப் பிரேம் கேட்கிறாள். விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கேட்டால் வெட்கப்படுவாள் என்று அவளிடம் கேட்கவில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சேரிடம் போய்ச் சொன்னேன். "டைம் ட்ரயல் பிரேமே எடுப்பம் சேர்."

"ரெண்டு சான்ஸை ஏன் ஒண்டாக்கிறாய்?"

"மற்றச் சான்ஸ் அவளுக்கு இல்லை சேர். கூட்டத்துக்குள்ள ஓடப் பயம்." பிரேக் கட்டையை அவருடைய கையில் வைத்தேன். "பாருங்கோ. ரெண்டு மாசம்."

சேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பழைய ஓட்டக்காரர், கட்டை என்ன சொல்கிறது என்று அவருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று அவரும் நினைத்தார். "சரி," என்று மட்டும் சொன்னார்.

பிரேம் வந்தது. வெள்ளை நிறம். பிரேமும் அதற்கான கைபிடியும் மட்டும்தான் வந்தன. ஆகவே பழைய சைக்கிளைக் கழற்றி, சில்லு, பெடல், செயின், பிரேக் எல்லாவற்றையும் புதியதில் பூட்டினேன். பழைய பிரேம் வெறும் எலும்பாகக் கடையின் பின்பக்கம் கிடந்தது. தர்சினி முதல் தடவை ஓடிவிட்டு வந்து, "அண்ணா, இது சைக்கிளில்ல, கடல்ல போற வள்ளம் மாதிரிக் கிடக்கு," என்றாள். நான் எடுத்த முடிவு சரி என்பதற்கு அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு தெரிவு நடந்த சனிக்கிழமை, தென்மேற்கிலிருந்து நல்ல கச்சான் காற்று. நிலாவெளி வீதியில் பக்கவாட்டில் அறைந்தது. அந்தக் காற்றுக்குள்ளும் தர்சினி நன்றாகத்தான் ஓடினாள். நான்கு செக்கனால் இரண்டாவதாக வந்தாள். குருநாகல் பக்கத்துப் பிள்ளை ஒன்று முதலாவது.

அவள் அழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணா, கெதியாக் கடைக்குப் போவம். நாளைக்கு ஓட எல்லாத்தையும் பழைய பிரேமுக்கு மாத்த வேணும் தானே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நாளைக்கோ?"

"கூட்ட ஓட்டம் நாளைக்குத் தானே? இதில விடமாட்டாங்கள். பழசில ஓடுறன்."

அவள் இரண்டு மாதமாக மனதில் வைத்திருந்த கணக்கு அது. சனிக்கிழமை புதிய பிரேமில் தனி ஓட்டம், பின்னேரம் சாமான்களை மாற்றி, ஞாயிற்றுக்கிழமை பழைய பிரேமில் கூட்ட ஓட்டம். நான் கழற்றிப் பூட்டுகிற ஆள். அந்த வழி எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். பயந்த பிள்ளை என்று முடிவு கட்டியதால் யோசனை அந்தப் பக்கமே போகவில்லை.

நாங்கள் பதிவு மேசைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் அவளுடைய பெயர் இல்லை. பதிவு செய்தவர், "உங்கட பயிற்றுநர் ஒரு ஓட்டத்துக்கு மட்டும்தான் பேர் தந்திருக்கிறார். அஞ்சு மணிக்கு முதல் அவர் கையெழுத்து வச்சால் சேர்க்கலாம்," என்றார். அப்போது மூன்றரை.

சேர் ஒரு மரநிழலில் நின்றுகொண்டிருந்தார். தர்சினி நேராகப் போய்க் கேட்டாள். "சேர், ஏன் என்ர பேரைக் குடுக்கேல்ல?"

சேர் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் பொறுமையாகவே சொன்னார். "பிரேக் பிடிச்சுப் பிடிச்சு ஓடுற ஆளைக் கூட்டத்துக்குள்ள விட ஏலாது பிள்ளை. நீ விழுந்தால் உன்னோட போகாது, பின்னால வாற அஞ்சு பேர் விழுவினம்."

"ஆர் பிரேக் பிடிக்கிறது?"

"உன்ர கட்டை ரெண்டு மாசத்தில முடியுதாம். உவன் கொண்டுவந்து காட்டினவன்."

தர்சினி என் பக்கம் திரும்பினாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது. "அண்ணா, அது நான் இறுக்கி வைக்கிறது."

"என்னது?"

"இங்க ஏத்தம் எங்க இருக்கு? ஏத்தத்தில ஓடிப் பழகினாத்தான் கால் பலமாகும் எண்டு எல்லாரும் சொல்லினம். விடிய ஆறு மணிக்கு எனக்கு வேலை. அதுக்கு முதல் ஒரு மணித்தியாலம்தான். அதுதான் பின் பிரேக்கை இறுக்கிப்போட்டு, கட்டை உரஞ்ச உரஞ்ச ஓடுறனான். கும்புறுப்பிட்டி போய்ச் சேருமட்டும் மலை ஏறுற மாதிரி." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க ஒவ்வொரு முறையும் தளர்த்தி விடுவீங்கள். நான் வீட்ட போய்த் திரும்ப இறுக்குவன்."

சேர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பின் கட்டை மட்டும்தான் தேய்ந்திருந்தது. பயத்தில் பிடிப்பவர் முன் பிரேக்கையும் சேர்த்துத்தான் பிடிப்பார். தேய்ந்த கட்டையும் ஒரே சீராக, அரம் போட்டது போலத் தேய்ந்திருந்தது. பிடித்து விட்டு, பிடித்து விட்டுத் தேய்ந்ததல்ல. எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தன. நான் கண்டுபிடித்த விடைக்குப் பொருந்தாததை எல்லாம் பார்க்காமல் விட்டிருந்தேன்.

"ஏன் பிள்ளை இதை முதலே சொல்லேல்ல?" என்று சேர் கேட்டார்.

"சொன்னாப் பொடியள் பகிடி பண்ணுவாங்கள். ஆரும் கேக்கவும் இல்லையே."

சேர் என்னிடம் வந்தார். மற்றக் கழகங்களின் ஆட்களும் பக்கத்தில் நின்றார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. "அண்டைக்கு நீ சொன்னதை நம்பித்தான் பேரை எடுத்தனான். இப்ப என்ன சொல்லுறாய்?"

நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முன்னால் சுலபமான இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, கட்டையைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று சொல்வது. மற்றது, அவள் நன்றாக ஓடுவாள், நான் பொறுப்பு என்று சொல்வது. முதலாவது என்னைக் காப்பாற்றும். இரண்டாவது நல்லவனாகக் காட்டும். ஆனால் அவள் கூட்டத்துக்குள் ஓடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நாளைக்கு அவள் பிழையாகத் திரும்பி யாராவது ஒரு பிள்ளையின் தோள் முறிந்தால், அதுவும் நான் தெரியாமல் சொன்ன ஒரு சொல்லில்தான் முடியும்.

"அவள் பயந்தவள் எண்டு நான் சொன்னது பிழை சேர். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். கூட்டத்துக்குள்ள எப்பிடி ஓடுவாள் எண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாதோ?"

"தெரியாது சேர்."

சேர் அவளிடம் திரும்பிக் கேட்டார். "பிள்ளை, ஆக்களோட நெருங்கி ஓடினனியோ?"

"ரெண்டு வருசத்துக்கு முதல் ஓடினனான் சேர். வேலைக்குப் போனாப் பிறகு இல்லை."

"நாளைக்கு ஓடுவியோ?"

"ஓடுவன். முதல் அரைவாசியும் பின்னுக்கு நிண்டு பழகுவன். ஆரையும் முட்ட மாட்டன்."

சேர் மேசைக்குப் போய்க் கையெழுத்து வைத்தார். நேரம் நாலேகாலாகியிருந்தது.

கடைக்கு வந்து வெள்ளைப் பிரேமிலிருந்து எல்லாவற்றையும் கழற்றினேன். ஜவ்பர் நானா நடந்ததைக் கேட்டார். "படிச்ச ஆள் பிரேக் கட்டையையும் படிச்சிருக்கிறார்," என்றார். பிறகு தானும் வந்து உட்கார்ந்து, பழைய பிரேமில் சில்லுகளைப் பூட்டத் தொடங்கினார். தர்சினி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா," என்றாள் ஒரு கட்டத்தில். "டைம் ட்ரயல் பிரேம் எடுக்கச் சொன்னது நீங்கதானே?"

"ஓம்."

"நான் நினைச்சன் நான் கேட்டதுக்காகச் சொன்னீங்கள் எண்டு."

நான் செயினைப் பூட்டத் தொடங்கினேன். அவளுக்கு அந்தப் பிரேம் சரிதான், முடிவு சரிதான். காரணம்தான் பிழை. முடிவு சரியாக இருந்ததால் அந்தக் காரணத்தை ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை. அது இரண்டு மாதம் சேரின் மனதில் கிடந்து, ஒரு பெயரை வெட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் புறப்பட்டார்கள். சாம்பல்தீவுப் பாலத்தடியில் நானும் சேரும் நின்றோம். முதல் சுற்றில் தர்சினி கடைசி வரிசையில் தனியாக, ஒரு சைக்கிள் தூரம் விட்டு வந்தாள். இரண்டாம் சுற்றில் அந்தத் தூரம் இல்லை. மூன்றாம் சுற்றில் நடுவில் இருந்தாள், இரண்டு பக்கமும் ஆட்கள். ஒருவரும் விழவில்லை. முடிவில் முன்னால் போன எட்டுப் பேரில் ஒருத்தியாக வந்து, ஐந்தாவதாக முடித்தாள். கடைசி வளைவில் எப்போது முந்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அது கூட்டத்தில் ஓடி ஓடித்தான் வரும். இடம் முதலாவதாக வந்த பிள்ளைக்குப் போனது.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவளுடைய முகம் தோற்ற முகமாக இல்லை. மூச்சு வாங்க வாங்க, புதினம் ஒன்றைக் கண்ட ஆள் போலச் சொன்னாள்.

"அண்ணா, உள்ளுக்குக் காத்தே இல்லை! நடுவில போனாக் காத்தே இல்லை. சும்மா இழுத்துக்கொண்டு போகுது. இவ்வளவு சுகமெண்டு எனக்குத் தெரியாது."

பிறகு, "ரெண்டு மாசம் இதைப் பழகியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. தனக்குள் கணக்குப் பார்த்தாள். அந்தக் கணக்குக்கு விடை எனக்கும் தெரியாது. ஐந்தாவது முதலாவதாகியிருக்குமா என்று யாராலும் சொல்ல ஏலாது. பட்டியலில் பெயர் இருக்கிறது என்று சேர் சொல்லியிருந்தால், சனிக்கிழமைகளில் எப்படியாவது வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்திருப்பாள். அது மட்டும் நிச்சயம்.

திரும்பி வரும்போது கேட்டேன். "சாமானை எல்லாம் எந்தப் பிரேமில விடட்டும்?"

உப்புவெளி தாண்டிய பிறகுதான் சொன்னாள். "இதிலயே இருக்கட்டும் அண்ணா. வாற சனிக்கிழமை பொடியளோட போகப்போறன்."

போனாள். ஹோட்டலில் சண்டை பிடித்து வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். இன்றைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறாள். மற்ற நாட்களில் பிரேக்கை இறுக்கிக்கொண்டு தனியாக ஓடுகிறாள். அவளுடைய சைக்கிள் திருத்த வந்தால் பின் பிரேக் வயரைத் தளர்த்தாதீர்கள். பகிடியும் பண்ணாதீர்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் தெரிவு இருக்கிறது. வயதெல்லைப்படி அவளுக்கு இது கடைசி. ஹோட்டலிலும் இந்த முறை ஆட்களைக் குறைக்கப் போகிறார்களாம். தெரிவுக்கு ஒரு கிழமை முன்னம் அவள் கடைக்கு வருவாள். நான் இருக்க மாட்டேன். முழு நம்பிக்கையையும் தனி ஓட்டத்தில் வைத்து வெள்ளைப் பிரேமைப் பூட்டுவதா, ரோட் பிரேமிலேயே இரண்டு நாளும் ஓடுவதா, அல்லது போன வருடம் போல ஒரு பின்னேரத்தில் மாற்றுவதா என்று உங்களிடம் கேட்பாள். மாற்றுவதென்றால் இரண்டு மணித்தியாலம் போதும், ஜவ்பர் நானாவும் நீங்களும் சேர்ந்தால்.

எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அளந்தும் பார்த்திருக்கிறேன், எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தத் தாளை உங்களுக்குத் தந்துவிட்டுப் போகலாம் என்று நேற்று நினைத்தேன். இன்று காலையில் கிழித்துவிட்டேன். அவள் வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லுங்கள். சைக்கிளைத் தாங்கியில் ஏற்ற முன்னம் அவள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.